சலப்பையில் கட்டி என்றால் எல்லாம் புற்றுநோயா?

வெயிலில் நின்று வேலை செய்பவருக்குச் சலம் மஞ்சளாகவும் கடுத்தும் போவது புதினமல்ல. தண்ணீர் குறைவாகக் குடித்ததே அதற்குக் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சலம் சிவந்து போகும்போது மனம் திடுக்கிடுகிறது. அப்படிக் கண்டவர்களில் ஒரு சாரார், “உடம்புச் சூடு” என்று சொல்லி இளநீரும் நீர்முள்ளிக் குடிநீரும் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ஸ்கான் வரை போகிறார்கள். “சலப்பையில் ஒரு கட்டி தெரிகிறது” என்ற சொல்லைக் கேட்டதும், “இது புற்றுநோய்தான், இனி என்ன செய்தாலும் ஒன்றுதான்” என்று முடிவுகட்டி, அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே போவதில்லை. இந்த இரண்டு முடிவுகளும் பிழையானவை.

சலப்பையில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பது உண்மை. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் மிகச் சிலருக்கு வருவது, புற்றுநோயைப் போலவே இரத்தம் போக்கி, புற்றுநோயைப் போலவே ஸ்கானிலும் தெரிந்து, முடிவில் புற்றுநோய் அல்ல என்று நிரூபணமாகும் கட்டி. எது எது என்பதை வாயால் சொல்ல முடியாது, கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது. கட்டியின் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே சொல்ல முடியும். அந்தத் துண்டின் அறிக்கை வரும் வரை நம்பிக்கையை இழக்கவும் கூடாது, அலட்சியமாக இருக்கவும் கூடாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலப்பையும் அதன் சுவரும்

சலப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. வளர்ந்த ஒருவருடைய சலப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை சலத்தைத் தாங்கும். சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடித்து உண்டாக்கும் சலம், இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இந்தப் பைக்குள் வந்து சேருகிறது. வாய்க்கால்கள் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதைப் போன்றது இது. பை நிறைந்ததும் தசை சுருங்கிச் சலத்தை வெளியே தள்ளுகிறது.

இப்பையின் சுவரில் பல படைகள் உண்டு. சலம் படும் உட்பக்கத்தில் மெல்லிய போர்வை ஒன்று இருக்கிறது. அதன் கீழே இரத்தக் குழாய்கள் ஓடும் மென்மையான இழையம். அதற்கும் வெளியே தடித்த தசை. சலப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த உட்போர்வையிலேயே தொடங்குகிறது. புற்றுநோயல்லாத கட்டிகளோ தசையிலிருந்தும், ஆறிவரும் காயத்திலிருந்தும், சில வேளைகளில் வேறு உறுப்பின் இழையத்திலிருந்தும் தோன்றுகின்றன. கட்டி எந்தப் படையில் பிறந்தது என்பதே அதன் குணத்தை அறிய முதற் படி.

புகையிலைக்கும் சலப்பைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. சுருட்டு, பீடி, சிகரெட் ஆகியவற்றின் புகையிலுள்ள நச்சுப் பொருட்கள் நுரையீரல் வழியாக இரத்தத்திற் கலக்கின்றன. சிறுநீரகம் அவற்றை வடித்துச் சலத்தில் விடுகிறது. அந்தச் சலம் மணித்தியாலக் கணக்கில் சலப்பைக்குள் தேங்கி நிற்கிறது. அந்த நேரமெல்லாம் நஞ்சு உட்போர்வையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. புகைப்பவருக்குச் சலப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட ஏறத்தாழ 3 மடங்கு. சாயத் தொழிற்சாலை இரசாயனங்களும் இவ்வாறே கெடுதி செய்யும். 1895இல் ஜேர்மனியில் லுட்விக் றேன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், சாயத் தொழிலாளர்களிடையே இந்நோயைக் கண்டு முதன்முதலில் எடுத்துக்காட்டினார்.

சிவப்பு எல்லாம் இரத்தமா?

பீற்றூட் சாப்பிட்ட பின் சிலருக்குச் சலம் சிவந்து போகும். காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் என்ற குளிசை சலத்தைச் செம்மஞ்சள் நிறமாக்கும். இவற்றால் பயமில்லை. மருந்தை நிறுத்தவும் கூடாது. ஆனால் இப்படி ஒரு காரணம் தெரியாமல் சலம் சிவந்து போனால், அது இரத்தமா என்பதைச் சாதாரண சலப் பரிசோதனையால் அறியலாம். கிராமத்து வைத்தியசாலையிலேயே அதைச் செய்யலாம்.

இரத்தம்தான் என்று தெரிந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கிருமித் தொற்று, கல், ஆண்களுக்கு முன்னிற்குஞ் சுரப்பி வீங்குதல், சிறுநீரக நோய் என்று அவை பலவகை. எரிவோடும் காய்ச்சலோடும் வரும் இரத்தம் பெரும்பாலும் கிருமியால் வருவது. நோவு இல்லாமல் வரும் இரத்தமே அதிக கவனத்துக்குரியது. ஏனெனில் சலப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. இரத்தம் ஒருநாள் போகும், பிறகு தானாகவே நின்றுவிடும். ஒரு மாதமோ சில மாதங்களோ கழித்து மீண்டும் போகும். இடைப்பட்ட காலத்தில் “குடிநீரால் சுகம் வந்தது” என்று நினைத்துவிடுகிறோம். குடிநீர் எரிவைத் தணிக்கலாம், கட்டியைக் கரைக்காது. இரத்தம் நின்றது நோய் நின்றதற்கு அடையாளமல்ல. ஒருமுறை கண்டாலும் காட்ட வேண்டும்.

கண்ணால் பார்த்து ஏன் சொல்ல முடியாது?

நெல் விதைத்த வயலில் நெல்லைப் போலவே ஒரு புல் முளைப்பதை நீங்கள் அறிவீர்கள். நிறம் ஒன்று, உயரம் ஒன்று, இலையும் ஒன்று போலவே இருக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வயலுக்குள் இறங்கி, ஒரு பயிரைக் கையிற் பிடித்து, இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அவ்விடத்தில் மெல்லிய சவ்வு இருக்கும். அந்தப் புல்லுக்கு இராது.

சலப்பைக் கட்டியும் அப்படித்தான். ஸ்கான் எடுப்பது வரப்பில் நின்று பார்ப்பதைப் போன்றது. அது கட்டி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும். அது என்ன கட்டி என்பதை உறுதியாகச் சொல்லாது. அடுத்ததாக, சலம் போகும் வழியாகவே ஒளியும் கமெராவும் பொருத்திய மெல்லிய கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். இதைச் சிஸ்டோஸ்கோப்பி என்பார்கள். மக்சிமிலியன் நிட்சே என்ற ஜேர்மனிய வைத்தியர் 1877இல் இதற்கான ஒளி பொருத்திய கருவியைச் செய்து காட்டினார். இன்று வயிற்றை வெட்டாமலே சலப்பையின் உட்புறத்தைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இது வயலுக்குள் இறங்குவதைப் போன்றது. ஆயினும் இங்கேயும் கண் ஏமாறலாம்.

இலைக் கணுவைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது பயொப்சிதான். அதே கருவியினூடாகக் கட்டியை, அல்லது அதன் ஒரு பகுதியை, சுரண்டி எடுப்பார்கள். மயக்கம் கொடுத்தோ இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தோ இதைச் செய்வதால் நோவு தெரியாது. எடுத்த துண்டை நோயியல் வைத்தியர் மெல்லிய சீவல்களாக்கி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். கலங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, உட்போர்வையைத் தாண்டித் தசைக்குள் புகுந்திருக்கின்றனவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஆகையினால் துண்டில் கீழேயுள்ள தசையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். போதிய அளவு வராவிட்டால் மீண்டும் ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், “முதலில் பிழையாகச் செய்துவிட்டார்கள்” என்று கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. சரியாக அறிய வேண்டும் என்பதற்காகவே கேட்கிறார்கள்.

புற்றுநோயைப் போல் தோன்றும் கட்டிகள்

இனி, அருமையாக வரும் அந்தக் கட்டிகளில் சிலவற்றைப் பார்ப்போம். இவற்றின் பெயர்கள் வாயில் நுழையாதவை. ஆனால் அறிக்கையில் அப்பெயர்களே எழுதப்படுவதால் இங்கே தருகிறோம்.

முதலாவது, தசைக் கட்டி. இதற்கு லியோமயோமா என்று பெயர். பெண்களின் கருப்பையில் வரும் ‘பைபுரோயிட்’ கட்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வகைக் கட்டி சலப்பைத் தசையிலும் வரலாம். சலப்பைக் கட்டிகள் எல்லாவற்றிலும் இது 200இல் ஒன்றுக்கும் குறைவு. இது உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். மேலேயுள்ள போர்வை பெரும்பாலும் சேதமின்றி இருக்கும். சிறிதாக இருந்தால் ஒரு குறியும் காட்டாது. சலம் வெளியேறும் வாயில் இருந்தால் சலத்தை அடைக்கும். அடிக்கடி சலம் போக வைக்கும், சிலருக்கு இரத்தமும் போகும். சிறியதைக் கருவி மூலம் எடுத்துவிடலாம். பெரியதானால் வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் தோண்டி எடுப்பார்கள். சலப்பை காப்பாற்றப்படும். எடுத்த பின் மீண்டும் வருவது அபூர்வம்.

இரண்டாவது, உள்நோக்கி வளரும் கட்டி. இதன் பெயர் இன்வேட்டட் பப்பிலோமா. 100 சலப்பைக் கட்டிகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. ஆண்களுக்கே அதிகம். உட்போர்வையின் கலங்கள் சலம் இருக்கும் பக்கத்துக்கு வளராமல், சுவருக்குள் நோக்கி மடிந்து வளர்கின்றன. சுவருக்குள் புகுவது புற்றுநோயின் குணமாகையால், இது பார்ப்பவரைக் குழப்பும். ஆனால் இதன் கலங்கள் ஒழுங்கு தவறாமல் இருக்கும். கருவி மூலம் முழுவதையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, காயத்தில் முளைக்கும் கட்டி. இதற்கு நெப்ரோஜெனிக் அடினோமா என்பார்கள். சலப்பையில் முன்னர் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், கல் இருந்தவர்களுக்கும், அடிக்கடி கிருமித் தொற்று வந்தவர்களுக்கும், நெடுங்காலம் சலக்குழாய் வைத்திருந்தவர்களுக்கும் இது வரலாம். சிவந்து, சிறு சிறு இதழ்கள் போலிருக்கும். நுணுக்குக்காட்டியில் இது சிறு குழாய்கள் போலத் தெரிவதால், ஒருவகைப் புற்றுநோயோ என்று எண்ணத் தோன்றும்.

இக்கட்டி எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தெளிவாக்கியது. வேறொருவருடைய சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களின் சலப்பையில் வந்த இத்தகைய கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஆணின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்ணின் சலப்பையில் இருந்த கட்டியின் கலங்கள் ஆணின் கலங்களாக இருந்தன. பெண்ணின் சிறுநீரகத்தைப் பெற்ற ஆணுக்கோ அவை பெண்ணின் கலங்களாக இருந்தன. அதாவது, சிறுநீரகத்திலிருந்து உதிர்ந்த கலங்கள் சலத்தோடு மிதந்து வந்து, சலப்பையில் புண்பட்ட இடத்தில் ஒட்டி முளைத்திருக்கின்றன. வாய்க்கால் தண்ணீரில் வந்த விதை, உடைந்த வரப்பில் முளைப்பதைப் போன்றதே இது. இக்கட்டி எடுத்த பின்னும் மீண்டும் வரக்கூடும். ஆகவே கிளினிக்குக்குத் தொடர்ந்து போக வேண்டும்.

நான்காவது, சத்திரசிகிச்சைக்குப் பின் தோன்றும் கணு. காயம் ஆறும்போது கலங்கள் மிக வேகமாகப் பெருகும். மழைக்குப் பின் பயிர் சடுதியாக எழும்புவதைப் போல அவை நெருங்கி எழும்பும். புற்றுநோய்க் கலங்களும் வேகமாகப் பெருகுபவையே. எனவே இரண்டையும் பிரித்தறிவது கடினம். 1984இல் புரொப், ஸ்கலி, ரோசாய் என்னும் மூன்று நோயியல் வைத்தியர்கள் இத்தகைய 8 பேரைப் பற்றி எழுதினார்கள். சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளில் சத்திரசிகிச்சை நடந்து 5 வாரம் முதல் 3 மாதத்துக்குள் அவர்களுக்கு இக்கணுக்கள் தோன்றின. பார்வைக்கு அவை கொடிய தசைப் புற்றுநோயை ஒத்திருந்தன. ஆனால் புற்றுநோய் அல்ல. “இவருக்கு அண்மையில் சத்திரசிகிச்சை நடந்தது” என்ற ஒரு வரித் தகவல் நோயியல் வைத்தியருக்குக் கிடைக்காவிட்டால், தேவையில்லாமல் சலப்பையையே இழக்க நேரிடும். இக்கட்டுரையில் நீங்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது இந்த இடம்தான்.

முன்பு சத்திரசிகிச்சை நடக்காதவர்களுக்கும் இதையொத்த கட்டி வருவதுண்டு. அதன் பெயர் அழற்சி மயோபைப்ரோபிளாஸ்டிக் கட்டி. இளம் வயதினருக்கும், அருமையாகப் பிள்ளைகளுக்கும் இது வரும். உடம்பு வெளிறிப்போகும் அளவுக்கு இரத்தம் போகலாம். விசேட நிறமூட்டும் பரிசோதனைகள் மூலம் இதைப் புற்றுநோயிலிருந்து பிரித்தறிகிறார்கள். இது முற்றிலும் சாதுவான கட்டி என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குத் திரும்பி வரும், மிகமிக அருமையாகப் பரவவும் கூடும். எனவே முழுமையாக எடுத்துவிட்டுத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

ஐந்தாவது, மாதவிடாயோடு சேர்ந்து வரும் வருத்தம். கருப்பையின் உட்போர்வையைப் போன்ற இழையம் சில பெண்களுக்குக் கருப்பைக்கு வெளியேயும் வளர்வதுண்டு. எண்டோமெற்றியோசிஸ் என்ற இந்நோய் அருமையானதல்ல. ஆனால் அது சலப்பைச் சுவரில் வருவது அருமை. மாதவிடாய் நாட்களில் சலம் போகும்போது நோவு எடுக்கும். சிலருக்கு அந்நாட்களில் சலத்தோடு இரத்தமும் போகும். வயிற்றை வெட்டிப் பிள்ளை பெற்றவர்களுக்கு இது வரும் வாய்ப்புச் சற்று அதிகம். ஸ்கானில் இதுவும் கட்டியாகவே தெரியும். “மாதாமாதம் அந்த நாட்களில்தான் இப்படி வருகிறது” என்ற ஒரு சொல், வைத்தியருக்குப் பெரிய வெளிச்சம். சகோதரிகளே, இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆண் வைத்தியரிடம் சொல்லத் தயக்கமானால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ இதற்குப் பரிகாரம் உண்டு.

ஆறாவது, சலம் கழிக்கும்போது தலையிடி தரும் கட்டி. இதற்குப் பராகாங்லியோமா என்று பெயர். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவான சலப்பைக் கட்டிகளே இவ்வகையின. இது நரம்போடு தொடர்புடைய கலங்களிலிருந்து பிறந்து, குருதி அமுக்கத்தை ஏற்றும் பொருட்களைச் சுரக்கிறது. சலப்பை சுருங்கும்போது இக்கட்டி நசுக்கப்பட, அப்பொருட்கள் இரத்தத்திற் கலக்கின்றன. அப்போது தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். சிலர் மயங்கியும் விழுவார்கள். இதை ஏனைய கட்டிகளோடு சேர்த்துச் சாதுவானது என்று எண்ண வேண்டாம். சில பரவக்கூடியவை. ஆயுத்தமில்லாமல் இதைத் தொட்டால் சத்திரசிகிச்சை மேசையிலேயே பிறெசர் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முன்கூட்டித் தெரிந்தால், மருந்து கொடுத்துப் பிறெசரைக் கட்டுப்படுத்திய பின்னரே சத்திரசிகிச்சை செய்வார்கள். எனவே இக்குறிகள் இருந்தால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டியல்லாத சில நோய்களும் கட்டி போலத் தெரிவதுண்டு. அவற்றுள் எம்மவர் அறிய வேண்டியது சலப்பைக் காசநோய். சலத்தில் சீழ் இருக்கும். ஆனால் சாதாரண கிருமிப் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாது. மருந்துக்கு மேல் மருந்து குடித்தும் எரிவு தீராது. குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கத்துப் பிழைகள்

இவற்றையெல்லாம் படித்தபின், “எனக்கு வந்திருப்பதும் சாதுவான கட்டியாகத்தான் இருக்கும்” என்று ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால், இக்கட்டுரை நன்மைக்குப் பதில் தீமையே செய்ததாகிவிடும். நாம் மேலே சொன்னவை யாவும் அபூர்வமானவை. 55 வயதைத் தாண்டிய, புகைக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு நோவில்லாமல் இரத்தம் போனால், அது புற்றுநோயல்ல என்று நிரூபணமாகும் வரை புற்றுநோயாக இருக்கலாம் என்றே வைத்தியர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது நியாயமானது.

ஆனால் புற்றுநோயே என்றாலும் எல்லாம் முடிந்துவிட்டதாகாது. சலப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது, 10 பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு அது இன்னும் தசைக்குள் இறங்காமல் மேற்படைகளிலேயே இருக்கிறது. அந்த நிலையில் அதையும் கருவி மூலம் சுரண்டி எடுத்து, சலப்பைக்குள் மருந்து விட்டு, சலப்பையைக் காப்பாற்றலாம். திரும்பி வரும் குணம் அதற்கு உண்டாகையால் ஆண்டுக்கணக்கில் கருவி விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தசைக்குள் இறங்கிய பின் வந்தால்தான் வழிகள் சுருங்குகின்றன. ஆகவே, புற்றுநோயானாலும் அல்லாவிட்டாலும், நேரத்தோடு போனவருக்கே நன்மை.

மறுபக்கத்துப் பிழை, அறிக்கை வருமுன் அவசரப்படுவது. சலப்பையை முழுதாக எடுப்பது பெரிய சத்திரசிகிச்சை. அதன்பின் பெரும்பாலானோர் வயிற்றில் ஒரு பை கட்டிச் சலத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். அத்தகைய சிகிச்சை தேவைப்படுவோருக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் துண்டின் அறிக்கை ஐயமின்றி வந்த பின்னரே அந்த முடிவுக்குப் போக வேண்டும். ஐயம் இருந்தால், அதே சீவல்களை இன்னொரு நோயியல் வைத்தியர் பார்க்கலாம். இப்படிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர்கள் தாங்களே அதை விரும்புவார்கள்.

கடதாசிகளைக் காப்பாற்றுவோம்

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்நோயில் தனியான ஒரு கஷ்டம் உண்டு. மேலே சொன்ன கட்டிகளில் பலவற்றை இனங்காண உதவுவது பழைய வரலாறுதான். முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா, கல் எடுத்தார்களா, சலக்குழாய் வைத்தார்களா, எந்த ஆண்டில் என்ற விபரங்கள் வேண்டும். நெருப்பிலும் வெள்ளத்திலும் ஓட்டத்திலும் அந்தக் கடதாசிகளை இழந்தவர்கள் எம்மில் அநேகர். காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் தேடி எடுக்கிறோம். வைத்தியசாலைத் துண்டையும் அவற்றுக்குச் சமமாக எண்ண வேண்டும்.

போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, 2009இன் பின்னரும் சலக்குழாயோடு வாழ்ந்துவரும் சகோதரர்கள் வன்னியிலும் ஏனைய இடங்களிலும் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் குழாய் வைத்திருப்பவர்களுக்குச் சலப்பையில் சாதுவான கட்டியும் வரலாம், புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். குழாய் கிழித்ததால் இரத்தம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிவிடக் கூடாது. இப்படிப்பட்டவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் இதை நன்கு மனதில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. சலத்தில் இரத்தம் ஒருமுறை கண்டாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, சலப் பரிசோதனை செய்யுங்கள். கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ, சலம் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போக வேண்டும்.

2. வைத்தியரிடம் இவற்றைத் தவறாமல் சொல்லுங்கள்: நோவு இருந்ததா, எத்தனை நாள் போனது, புகைப்பழக்கம் உண்டா, முன்பு சத்திரசிகிச்சை, கல் அல்லது சலக்குழாய் இருந்ததா, பெண்களாயின் மாதவிடாயோடு தொடர்பு உண்டா, சலம் கழிக்கும்போது தலையிடியோ படபடப்போ வருகிறதா.

3. பழைய கடதாசி இல்லாவிட்டால், நினைவில் உள்ளதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவலாம்.

4. துண்டு எடுத்தால், “அறிக்கை எப்போது வரும், யாரிடம் கேட்க வேண்டும்?” என்று கேட்டு வாருங்கள். அந்த நாளில் கட்டாயம் போங்கள். அறிக்கை வந்தும் எடுக்க ஆள் வராமல் கிடந்தால் நோயும் அங்கேயே கிடக்கும்.

5. “இதில் தசை வந்திருக்கிறதா? புற்றுநோய் என்பது உறுதியா? இன்னொருவர் பார்க்க வேண்டுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

6. அறிக்கையை இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதில் படமும் எடுத்து வைக்கலாம்.

7. இருப்பிடம் மாறினால் புதிய இடத்துக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். சாதுவான கட்டி என்று சொன்னாலும், வரச் சொன்ன நாட்களுக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக யாரும் பின்னிற்க வேண்டியதில்லை. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. சில வேளைகளில் ஒரு மருந்தையோ பரிசோதனையையோ வெளியே செய்ய நேரிடலாம். அப்போது நகையை அடகு வைக்குமுன், வைத்தியசாலையிலேயே வேறு வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அதற்கான வைத்தியசாலைகள் உண்டு. தெல்லிப்பழை வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து பணம் சேர்த்தார்கள். அது எமக்காகவே கட்டப்பட்டது. அங்கே போவதில் வெட்கம் எதுவுமில்லை.

இறுதியாக, நோயாளியைச் சுற்றியிருக்கும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கை வருமுன் “அவருக்குப் புற்றுநோயாம்” என்று கிராமம் முழுவதும் கதை பரப்புவது பெரும் கொடுமை. அந்தச் சொல் அவரை வைத்தியசாலையிலிருந்து விரட்டும், வீட்டிலுள்ள பிள்ளைகளின் வாழ்வையும் தொடும். கதை பேசுவதை விட்டு, துண்டு எடுக்கும் நாளில் அவரோடு பஸ்ஸில் கூடப் போய், அறிக்கை வரும் நாளிலும் பக்கத்தில் நிற்போம்.